புரதத்தின் யாப்பறிந்த பேரறிஞர் ஜி. என். இராமச்சந்திரன்

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியில் நம் மாணவர்கள் நாள்தோறும் பயணம் செய்கின்றனர். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம், பரங்கிமலை, கிண்டி என்று நிலையங்களின் பெயர்கள் அவர்கள் காதில் விழுந்த வண்ணமே உள்ளன. அப்பெயர்களுள் இரண்டினை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று, குரோம் லெதர் கம்பெனியால் பெயர்பெற்ற குரோம்பேட்டை. மற்றொன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் வளாகம் அமைந்த கிண்டி. ஓரிடத்தில் தோலைப் பதனிட்டனர்; மற்றோரிடத்தில் அத்தோல் எவ்வாறு இயற்கையால் முறுக்கப்பட்டுள்ளது என்பதைக் கண்டறிந்தனர். இரண்டிற்கும் இடையே சில நிலையங்களே உள்ளன. எனினும் இத்தொடர்பை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே.

தமிழ்த்துறை மலரில் இயற்பியலாருக்கு என்ன இடம் என்று வினவுவோர் உளர். நாமும் முதலில் தயங்கினோம். சமன்பாடுகளைக் கண்டால் விலகிச் செல்லும் இயல்பினர் நாம். ஆயினும் இவ்வறிஞரின் வாழ்வைப் படிக்கப் படிக்க, அவர் செய்தது நாம் வகுப்பறையில் யாப்பிலக்கணம் கற்பிப்பதற்கு மிக நெருங்கிய செயல் என்பது புலனாயிற்று. அதனைப் பின்னர் விளக்குவோம்.

ஜி. என். இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். முன்னோர் ஊர் நெல்லை மாவட்டத்துக் கோபாலசமுத்திரம்; அவர் பெயரின் முன்னெழுத்தில் நிற்பது அவ்வூரே. தந்தையார் நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கி, அதன் முதல்வராகவும் உயர்ந்தவர். கணிதம் அவ்வீட்டில் தாய்மொழி போல் புழங்கிற்று. பின்னாளில் மகன் எந்தத் துறையைத் தொட்டாலும் அதன் அடியில் கணிதம் ஓடியதற்கு இதுவே காரணம் எனலாம். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்சு பயின்று, 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தை அடைந்தார். சேர்ந்தது மின்பொறியியலில். அங்கே இயற்பியல் துறையில் வீற்றிருந்தவர் சர் சி. வி. இராமன். இளைஞரின் ஆற்றலைக் கண்ட அவர், பொறியியலுக்கு இவரை விட்டுக்கொடுக்க மனமின்றித் தம் துறைக்கே ஈர்த்துக்கொண்டார். ஆசானே மாணவனைத் தேடிவந்த நிகழ்ச்சி இது.

இராமனிடம் ஒளியியலும் படிகவியலும் கற்றுத் தேர்ந்து, 1947இல் கேம்பிரிட்ஜ் சென்று, படிகங்களின் மீள்திறனை எக்ஸ் கதிர்களால் அளக்கும் ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்று, 1949இல் தாயகம் திரும்பினார். கேம்பிரிட்ஜில் இருந்தபோது லினசு பாலிங் ஆற்றிய பொழிவுகளைக் கேட்டது அவர் உள்ளத்தில் ஒரு விதையை ஊன்றியது. அவ்விதை முளைவிட்டது சென்னையில்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக அப்போது இருந்தவர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். இயற்பியல் துறைக்குத் தலைவர் வேண்டுமென அவர் நாடியது இராமனை. இராமனோ தம் மாணவரைச் சுட்டிக்காட்டினார். முப்பது வயதை ஒட்டிய ஓர் இளைஞர் 1952இல் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் அமர்த்தப்பட்டார். இக்காலத்தில் அவ்வயதில் தற்காலிக விரிவுரையாளர் பணி கிடைப்பதே அரிது. ஆளறிந்து பணி தந்த துணைவேந்தரின் துணிவையும் நாம் இங்கே நினைக்க வேண்டும்.

புதிய துறை, எக்ஸ் கதிர்க் கருவிகளை அமைத்தாயிற்று, எதை ஆராய்வது? அவ்வேளையில் சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் எவருக்கும் பிடிபடவில்லை என்று உரையாடலின் இடையே தெரிவித்தார். அந்த ஒரு சொல் போதுமானதாயிற்று. கொலாஜன் என்பது யாது? தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகிய அனைத்தையும் கட்டி நிறுத்தும் இழைப்புரதம். பாலூட்டிகளின் உடலிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கும் அதற்கு மேலும் இதுவே. ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் இட்டு, மயிரும் கொழுப்பும் நீக்கி, ஆவாரம்பட்டை நீரிலோ குரோமிய உப்பிலோ ஊறவைக்கும்போது, பதனிடுவோர் கையில் எஞ்சி நிற்பது பெரும்பாலும் கொலாஜனே. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பல்லாவரம், பெரியமேடு எனத் தோல் தொழிலால் வாழ்ந்த நம் சமுதாயக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட பொருள் இது. பெயர்தான் அவர்கள் அறியாதது.

கிண்டி வளாகத்திற்கு அருகிலேயே, அடையாற்றில், 1948இல் தொடங்கப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. இராமச்சந்திரன் கொலாஜன் வேண்டி முதலில் நாடியது அந்நிறுவனத்தையே. தெளிவான எக்ஸ் கதிர்ப் படம் தந்தது கங்காருவின் வால் தசைநாண். அப்படத்தில் புள்ளிகளும் கறைகளும் அன்றி வேறொன்றும் இல்லை. அவற்றிலிருந்து அணுக்களின் இருப்பை ஊகித்தறிய வேண்டும். அவருடன் இப்பணியில் இணைந்தவர் கோபிநாத் கர்த்தா.

துப்புத் தந்தது வேதியியல். கொலாஜனில் அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளன. அவ்வரிசையில் மூன்றிலொன்று கிளைசின். அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது அது. பக்கக் கிளையாக ஒரேயொரு ஹைட்ரஜன் அணுவை மட்டுமே உடையது. ஏன் ஒவ்வொரு மூன்றாமிடத்திலும் மிகச் சிறியது நிற்க வேண்டும்? மூன்று இழைகள் அருகருகே நின்று, ஒவ்வோர் இழையின் மூன்றாமிடமும் நடுவே நோக்கியிருந்தால், அந்நடுவில் கிளைசினைத் தவிர வேறெதற்கும் இடமிராது. இவ்வாறு சிந்தித்து, மூன்று சுருளிழைகள் கொண்ட மாதிரியை 1954இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே அதனைத் திருத்தி, மூன்றிழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டுள்ளன என்று காட்டினர். ஒவ்வோர் இழையும் இடமாகச் சுருள, மூன்றும் சேர்ந்து வலமாக முறுக்கப்படுகின்றன. கயிறு திரிப்போர் புரியை ஒரு பக்கமும் கயிற்றை மறுபக்கமும் முறுக்குவதை நம் நாட்டார் அறிவர். புரி பிரியாதிருக்க அதுவே வழி. இயற்கையும் அதனையே செய்திருக்கிறது.

வாட்சனும் கிரிக்கும் மரபணு மூலக்கூறின் இரட்டைச் சுருளை வெளியிட்டது 1953இல். அதனை அடுத்த ஆண்டிலேயே சென்னையிலிருந்து முச்சுருள் வெளிவந்தது. அவ்வெற்றி நெடுநாள் இன்பம் தரவில்லை. அதே கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச் என்பாரும் 1955இல் தம் ஆய்வை வெளியிட்டு, முச்சுருள் என்பது சரியே, ஆனால் இராமச்சந்திரனின் மாதிரியில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று குறை கூறினர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்பது இவர் கருத்து. ஒன்றே உண்டு என்பது அவர்கள் கருத்து. உலகின் பார்வை கேம்பிரிட்ஜ் பக்கம் திரும்பியது. தொலைதூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், சிறு குழுவோடு பணிசெய்த ஒருவருக்கு இது எத்தகைய அடி என்பதைக் கற்பித்தல் தொழிலில் உள்ளோர் உணர்வர்.

இந்த இடத்தில்தான் இவ்வறிஞரின் பெருமையை நாம் காண்கிறோம். குறை கூறியவர்களுக்கு அவர் மறுப்புரை எழுதிக்கொண்டு காலம் கழிக்கவில்லை. அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்கிறார்களே, அந்த அளவு யாது என்று கேட்டார். இரண்டு அணுக்கள் எவ்வளவு அருகில் வரலாம்? எவரும் முறையாகத் தொகுத்து வைத்திருக்கவில்லை. எனவே வி. சசிசேகரன் துணையுடன், அதுவரை வெளியாகியிருந்த படிக அமைப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே, ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே என்று ஒவ்வோர் இணைக்கும் காணப்படும் குறைந்த தொலைவுகளை அட்டவணைப்படுத்தினார். இயல்பான எல்லை ஒன்று. அருகியே வரும் கடைசி எல்லை மற்றொன்று. வாதத்தில் வெல்வதற்காகத் தொடங்கிய இப்பணி வாதத்தைவிடப் பெரியதொன்றை ஈன்றது.

புரத இழை என்பது நெகிழாத சிறு தகடுகளை ஒன்றோடொன்று கீல் வைத்து இணைத்த சங்கிலி போன்றது. ஒவ்வொரு கீலிலும் இரண்டு சுழற்சிகள் மட்டுமே இயலும். அவ்விரு கோணங்களுக்கும் ஃபை, சை என்று கிரேக்க எழுத்துகளால் பெயரிட்டனர். ஒன்றைக் கிடை அச்சிலும் மற்றொன்றை நிலை அச்சிலும் வைத்து ஒரு சதுரம் வரைந்தால், சங்கிலி எடுக்கக்கூடிய ஒவ்வொரு வளைவும் அச்சதுரத்தில் ஒரு புள்ளியாகிவிடும். பின்னர் ஒவ்வொரு புள்ளியிலும் அணுக்கள் மோதுகின்றனவா என்று பார்க்க வேண்டும். சி. இராமகிருஷ்ணன் இக்கணக்குகளை இன்றைய கணினிகள் இல்லாத நாளில் செய்தார். விளைவு வியப்புக்குரியது. சதுரத்தின் முக்காற்பங்குக்கும் மேலான பரப்பு விலக்கப்பட்டது. எஞ்சியவை சில தீவுகள். பாலிங் கண்ட ஆல்ஃபா சுருளும், பீட்டா தகடும், கொலாஜனின் முச்சுருளும் அத்தீவுகளுக்குள்ளேயே அடங்கின. மூவர் பெயராலும் 1963இல் மாலிக்யூலர் பயாலஜி ஆய்விதழில் வெளிவந்த அக்கட்டுரை ஐந்தே பக்கங்கள். இன்று உலகம் முழுவதும் அப்படம் இராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்குகிறது.

நாம் முன்னர்க் கூறிய யாப்புத் தொடர்பு இதுவே. வெண்பாவில் எச்சீரும் எச்சீரை அடுத்தும் வந்துவிட முடியுமா? மாமுன் நிரையும், விளமுன் நேரும், காய்முன் நேரும் வருதல் வேண்டும். மாறி வந்தால் தளை தட்டும். சொல்லளவில் எண்ணற்ற சேர்க்கைகள் இருப்பினும் தளை அவற்றுள் பெரும்பகுதியை விலக்கிவிடுகிறது. விலக்கியபின் எஞ்சும் குறுகிய இடத்திலிருந்தே இத்தனை வெண்பாக்களும் பிறந்தன. புரதத்திற்கும் அவ்வாறே ஒரு தளை உண்டு. அத்தளையை வகுத்தவர் இராமச்சந்திரன். கிளைசின் மட்டும் இதில் சற்றுச் சலுகை பெற்றது. பக்கக் கிளை சிறிதாகையால் பிறவற்றுக்கு விலக்கப்பட்ட இடங்களிலும் அது செல்லும். நம் யாப்பிலும் குற்றியலுகரத்திற்குச் சில சலுகைகள் உண்டன்றோ! இவ்வுவமையை இயற்பியல் துறை நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார், ஆயினும் மறுக்கவில்லை.

இவ்வரைபடத்தின் பயனை உணர ஒரு சிறு கணக்கு உதவும். நூறு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தில் ஒவ்வொன்றும் மூன்றே நிலைகளை எடுக்கும் என்று வைத்தாலும், மொத்த அமைப்புகளின் எண்ணிக்கை 48 இலக்கங்கள் கொண்ட எண்ணாகும். ஒவ்வொன்றாகத் தேடிப்பார்த்துத் தன் உருவை ஒரு புரதம் அடைவதென்றால் உலகத்தின் வயது போதாது. ஆனால் உடலினுள் அது நொடிப்பொழுதில் மடிந்துவிடுகிறது. இப்புதிரை 1969இல் சைரசு லெவிந்தால் எடுத்துக்காட்டினார். இத்தகைய பெருந்தொகைகளைக் கையாளுவதே புள்ளியியல் இயற்பியல் என்னும் துறை. ஒவ்வோர் அணுவையும் பின்தொடராமல், இயலும் நிலைகளை எண்ணி, அவற்றின் ஆற்றலுக்கேற்ப எடையிட்டு, மொத்தத்தின் இயல்பைக் கூறுவது அது. எந்நிலைகள் இயலும், எவை இயலா என்று முதலில் தெரிந்தாலன்றி எண்ணிக்கையைத் தொடங்கவே முடியாது. அத்தொடக்கத்தைத் தந்தது சென்னை வரைபடம்.

புரதங்கள் தனித்து வாழ்வனவும் அல்ல. ஒன்றின் வடிவம் மற்றொன்றின் வடிவத்தோடு பொருந்தி, பற்றி, விட்டு, ஒரு பெரும் வலையாக இயங்குகின்றன. இராமச்சந்திரன் அவ்வலைகளை ஆராய்ந்தவரல்லர். எனினும் பொருந்துவதற்குரிய வடிவத்தின் விதியை வகுத்தவர் அவர். அவர் மறைந்தது 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7. ஒரு திங்கள் கூட முடியுமுன், மே 3ஆம் நாள் நேச்சர் இதழில், ஈஸ்ட்டின் 1,870 புரதங்களையும் அவற்றிடையே உள்ள 2,240 இணைப்புகளையும் புள்ளியியல் இயற்பியல் கண்ணோடு நோக்கிய ஆய்வொன்று வெளிவந்தது. ஐந்தோ அதற்குக் குறைவோ இணைப்புகள் உடைய புரதங்களுள் ஏறத்தாழ 21 விழுக்காடே உயிருக்கு இன்றியமையாதவை. பதினைந்துக்கு மேற்பட்ட இணைப்புகள் உடைய மிகச் சிலவற்றுள்ளோ 62 விழுக்காடு இன்றியமையாதவை என்று அது கண்டது. சிற்றூர் நிறுத்தம் ஒன்று மூடப்பட்டால் சிலருக்கே இடர்; தாம்பரம் முடங்கினால் தென்மாவட்டங்களே தவிக்கும் என்பது போன்றது இது. இதற்குரிய காரணம் பற்றி அறிஞரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. கிண்டிக்கு அருகே தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் இத்தகைய வலைகளை ஆராய்வோர் உள்ளனர்.

வரைபடத்தோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 1970ஐ ஒட்டிச் சென்னையை விட்டுப் பெங்களூர் சென்று, அங்கே மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவை நிறுவினார். 1971இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் இணைந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவை மீட்டெடுக்கும் எளிய கணித முறை ஒன்றை வெளியிட்டார். இன்று மருத்துவமனைகளில் எடுக்கப்பெறும் சி.டி. ஸ்கேன் கணக்கீட்டிற்கு அடிப்படையாய் அமைந்த முறைகளுள் அது ஒன்று. ஒருவர் தம் வாழ்நாளில் இவற்றுள் ஒன்றைச் செய்திருந்தாலே போதும். 1961இல் பட்நாகர் பரிசு, 1977இல் இலண்டன் இராயல் கழக உறுப்பாண்மை, 1999இல் உலகப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்ட் பரிசு ஆகியன அவரை வந்தடைந்தன. நோபல் பரிசு வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து. நாம் கருதுவதால் ஆவதொன்றுமில்லை.

இறுதி ஆண்டுகள் துன்பம் மிகுந்தவை. நோய் உடலை வாட்டியது. 1945இல் கைப்பிடித்த துணைவியார் இராஜலட்சுமி 1998இல் மறைந்தார். இசையிலும் தத்துவத்திலும் தோய்ந்த அவ்வுள்ளம் அதன்பின் தளர்ந்தது. சென்னையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

அந்தப் பழைய வழக்கு என்னவாயிற்று என்று மாணவர் கேட்கக்கூடும். 1994இல், கொலாஜனை ஒத்த சிறு மூலக்கூறு ஒன்றின் படிக அமைப்பு மிகத் தெளிவாகக் காணப்பட்டது. மூன்றிழை முறுக்கு உறுதியாயிற்று; நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றே என்பதில் குறை கூறியோர் பக்கமே உண்மை நின்றது. ஆயினும் நீர் மூலக்கூறு இடைநின்று இழைகளைப் பிணைப்பதும் அதில் காணப்பட்டது. அவ்வாறு நீர் இடைநிற்கும் என்பதை இராமச்சந்திரன் 1968இலேயே கூறியிருந்தார். இரண்டையும் மறையாமல் சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை. புதிதாகக் கண்டறியப்படும் எந்தப் புரத அமைப்பும் இன்றளவும் அவர் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கப்படுகிறது. தவறான இடத்தில் புள்ளிகள் மிகுந்து விழுந்தால் அமைப்பைக் கண்டவர் மீண்டும் தம் கணக்கைப் பார்க்க வேண்டியதுதான். புரத உருவைக் கணினியால் முன்கூறியோருக்கு 2024இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அக்கணினி தரும் உருவங்களும் இச்சோதனைக்கு விலக்கல்ல. அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்திற்கு டிரிப்பிள் ஹீலிக்ஸ் என்றே பெயரிட்டுள்ளனர். முச்சுருள் அரங்கம் என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

இக்கட்டுரைக்காகப் பல்லாவரத்தில் வாழும் நம் பெரியத்தா அவர்களைக் கண்டோம். தோல் பதனிடும் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவர். மூன்றிழை முறுக்கினை ஒரு கயிற்றுத் துண்டைக் கொண்டு அவருக்கு விளக்கினோம். பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, பச்சைத் தோல் கொதிநீரில் சுருங்குவதும் குரோம் ஏறிய தோல் சுருங்காமல் நிற்பதும் ஏன் என்று வினவினார். வெப்பம் அறுபது பாகைக்குச் சற்று மேல் ஏறியதும் முறுக்கு அவிழ்ந்து இழைகள் சுருண்டுவிடுகின்றன என்றும், குரோமியம் இழைக்கும் இழைக்கும் இடையே பாலமிட்டு அவிழவொட்டாமல் தடுக்கிறது என்றும் நண்பரிடம் கற்றதை ஒப்பித்தோம். அவர் ஒன்றும் கூறாமல் உள்ளே சென்று, பழைய பெட்டியிலிருந்து நீலம் பாய்ந்த தோல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த நீரில் இட்டார். மூன்று நிமிடம் கழித்து இடுக்கியால் எடுத்து, விரலால் அதன் ஓரத்தை அளந்து பார்த்து, நம் கையில் தந்தார்.

அது சுருங்கியிருக்கவில்லை.